ஜனவரி ஒன்பதுக்குள்

கோலாலம்பூரிலிருந்து வடக்கே வரும்போது ஜாவி டோலில் இறங்கி, பழைய கூட்டரசுச் சாலையைப் பிடித்துக் கொஞ்ச தூரம் வடக்கே போனால் சுங்கை பாக்காப். நெடுஞ்சாலையிலேயே பினாங்குப் பாலத்துக்குப் பறக்கிறவர்களுக்கு இப்படி ஓர் ஊர் இருப்பதே தெரியாது. 2024 ஜூலையில் சட்டமன்ற இடைத்தேர்தல் வந்தபோது மட்டும் ஊர்ப் பெயர் எல்லா நாளிதழ்களிலும் அடிபட்டது. குழாயில் தண்ணீர் வராத கதையை நாடே கேட்டது. கொடிகளை அவிழ்த்த பிறகு ஊர் பழையபடி தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டது.

எனக்கு அது அக்கா வீடு. அப்பாவும் அவளோடுதான் இருக்கிறார். போன தீபாவளி முடிந்த வாரம் போனேன். அக்கா மகளுக்குத் தை மாதம் கல்யாணம் நிச்சயமாகி, பரிசமும் போட்டாகிவிட்டது. பத்திரிகை மாதிரி பார்த்துவிட்டு வரலாம் என்றுதான் கிளம்பினேன். போய்ச் சேர்ந்தால், சாப்பாட்டு மேசையில் பத்திரிகை மாதிரிக்குப் பக்கத்தில் வேறொரு காகிதம் கிடந்தது. அதைச் சுற்றித்தான் சண்டை.

அவள் பத்து காவான் தொழிற்பேட்டையில் பொறியியலாளர். இரண்டு வருடமாக ஆஸ்திரேலியாவுக்கு நிரந்தரவாசத்துக்கு மனுப் போட்டுக் கொண்டிருந்தாள். ஜூலையில் அனுமதி கிடைத்தது. வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். "கல்யாணம் முடிஞ்சு நிதானமா போகலாம்" என்று அக்கா சொல்லிவிட்டாள். அனுமதிக் கடிதத்தின் நடுவில் இருந்த ஒரு வரியை யாரும் கவனிக்கவில்லை. முதல் நுழைவு ஜனவரி 9-ஆம் தேதிக்குள் நடக்க வேண்டும்.

அனுமதி ஜூலையில் கிடைத்திருக்க, ஜனவரி 9 எங்கிருந்து வந்தது? அவளுடைய மருத்துவப் பரிசோதனை முந்தைய ஜனவரி 9-ஆம் தேதி நடந்தது. மருத்துவச் சான்றும் போலீஸ் நன்னடத்தைச் சான்றும் பொதுவாகப் பன்னிரண்டு மாதம்தான் செல்லும். அவற்றில் எது முதலில் காலாவதியாகிறதோ அதை வைத்து முதல் நுழைவுத் தேதியைப் போடுகிறார்கள். அனுமதி வந்த நாளைப் பார்த்து, "இன்னும் ஒரு வருஷம் இருக்கு" என்று நினைக்கிறவர்கள் தவறுவது இங்கேதான். மனு ஆறு மாதம் இழுத்தால் அந்த ஆறு மாதமும் நம் கணக்கில்தான் கழிகிறது.

"ஒரு கடிதம் எழுதித் தேதியத் தள்ளி வைக்கச் சொல்லுங்க மாமா" என்றாள் என்னிடம். கேட்டுப் பார்க்கலாம். கிடைக்கும் என்று நம்பிக்கொண்டு இருக்க முடியாது. ஜனவரி 9 மார்கழியில் வருகிறது, கல்யாணம் தையில். பரிசம் போட்ட பெண் தாலி ஏறுவதற்கு முன்னால் கடல் தாண்டுவதில் மாப்பிள்ளையின் அம்மாவுக்கு இஷ்டமில்லை. டிசம்பரில் பள்ளி விடுமுறை, டிக்கெட் விலை நெருப்பு. "ஆஸ்திரேலியா ஓடியா போகுது? தேதி போச்சுன்னா மறுபடியும் மனுப் போடட்டும்" என்றாள் அக்கா. மறுபடியும் போடுவதா என்று மகள் அழ ஆரம்பித்தாள். ஆங்கிலத் தேர்வு, கல்வித் தகுதி மதிப்பீடு, வயதுக்குப் புள்ளி என்று படியேறியவளுக்குத்தான் அந்தக் காகிதத்தின் விலை தெரியும்.

அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. கண்ணாடியைப் போட்டு அந்த வரியை இரண்டு முறை படித்தார், மடித்து வைத்தார். மறுநாள் காலை, "தீவுப் பக்கம் போய்ப் பசியாறிட்டு வருவோமா?" என்று கேட்டார். எழுபது வயதில் அவராக வெளியே போகலாம் என்று சொல்வது அபூர்வம்.

சுங்கை பாக்காப் கடைத்தெருவைத் தாண்டித்தான் போக வேண்டும். சாலையை ஒட்டிப் பழைய கடைவீடுகள். கீ குடும்பத்தாரின் பெரிய வீடு இன்னும் நிற்கிறது. தியோச்சூ சீனரான கீ லாய் ஹுவாட் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கரும்பு போட்டுப் பணம் சேர்த்து உருவாக்கிய ஊர் இது. செபராங் பிறைக்குத் தமிழர்களை முதலில் கூட்டமாகக் கொண்டுவந்ததும் கரும்புதான். ரப்பர் பிறகு வந்தது. கரும்புக் காடு ரப்பர் காடானது, ரப்பர் செம்பனையானது. இப்போது செம்பனை வீடமைப்பாகவும் தொழிற்சாலையாகவும் மாறிக்கொண்டிருக்கிறது. வால்டோர், சங்காட், பைரம், டிரான்ஸ்கிரியன், கலிடோனியா என்று தோட்டங்களின் பெயர்கள் மட்டும் அப்படியே இருக்கின்றன. சிலது பள்ளிக்கூடப் பெயராக, சிலது பேருந்து நிறுத்தமாக.

பத்து காவானில் ஏறினால் இரண்டாவது பாலம். 2014-ல் திறந்தது, மொத்தம் 24 கிலோமீட்டர். காற்று பலமாக அடிக்கும். தீவை நெருங்கும்போது வலது பக்கம் பச்சையாக ஒரு சின்னத் தீவு தெரியும். அப்பா காரின் கண்ணாடியை இறக்கினார்.

"ஜெரஜாக். உங்க தாத்தாவ முதல்ல அங்கதான் எறக்குனாங்க."

ஜெரஜாக் தீவில் தொழுநோயாளிகளுக்கான இடம் இருந்தது, தொற்று காக்கும் நிலையமும் இருந்தது. 1969-க்குப் பிறகு அது சிறையானது. 1993-இல் அதையும் மூடினார்கள். கப்பலில் வந்த கூலியாட்களை அங்கே இறக்கி, குளிக்க வைத்து, துணிமணிகளை ஆவியில் போட்டு, அம்மை, காலரா இல்லை என்று தெரிந்த பிறகே கரைக்கு விடுவார்கள். தாத்தா 1937-ல் கங்காணியோடு பையனாக வந்தவர். மறு ஆண்டு ஜூனில் இந்திய அரசாங்கம் உதவிப் பயணமாக வரும் தோட்டத் தொழிலாளர்களைத் தடுத்துவிட்டது. ஒரு வருடம் பிந்தியிருந்தால் அவர் வந்திருக்க மாட்டார், நானும் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

அதுவரை எனக்குத் தெரியும். அதற்கு மேல் உள்ளதை அப்பா பத்து மாவுங்கில் ஒரு கடையில் தோசை ஆறிப்போகும்வரை சொன்னார்.

போருக்குப் பிறகு தாத்தா ஊருக்குப் போய்த் திருத்துறைப்பூண்டிப் பக்கம் பெண் எடுத்தார். ஆயாவை அங்கேயே விட்டுவிட்டு வால்டோர் தோட்டத்துக்குத் திரும்பினார். அன்று அது வழக்கம்தான். ஆண்பிள்ளை இங்கே, குடும்பம் அங்கே, மூன்று நான்கு வருடத்துக்கு ஒரு முறை கப்பல். 1950-ல் பெரியப்பா பிறந்தார். தாத்தா கடைசியாக ஊருக்கு வந்து திரும்பியது 1954 கடைசியில். 1955-ல் அப்பா பிறந்தார்.

1953 ஆகஸ்ட் 1 முதல் மலாயாவில் புதிய குடிநுழைவுச் சட்டம் நடப்புக்கு வந்திருந்தது. தொழிலாளர்கள் நினைத்தபடி வந்து இறங்கும் காலம் அதோடு முடிந்தது. இங்கே குடியிருப்பவரின் மனைவி, பிள்ளைகள் வர மட்டும் வழி இருந்தது. 1959-ல் சட்டத்தைத் திருத்தி அந்த வழியையும் ஒடுக்கினார்கள். 1954 டிசம்பருக்குப் பிறகு தொடர்ந்து ஐந்து ஆண்டு கணவரைப் பிரிந்து வாழ்ந்த மனைவிக்கு இனி இடமில்லை, ஆறு வயதைத் தாண்டிய பிள்ளைக்கும் இல்லை. குடும்பத்தைச் சேர்த்துக்கொள்கிறவர்கள் சீக்கிரம் சேர்த்துக்கொள்ளுங்கள், ஒரு காலை அங்கேயும் ஒரு காலை இங்கேயும் வைக்காதீர்கள் என்பது புதிய நாட்டின் கணக்கு. அதில் ஒரு நியாயம் இருந்திருக்கலாம். தேதி குறித்தவர்களுக்கு லயத்து வீட்டில் கப்பல் காசு எப்படிச் சேரும் என்று தெரிந்திருக்காது.

தோட்டத்துக் கிராணியார்தான் செய்தித்தாளைப் படித்து விஷயத்தைச் சொன்னாராம். தாத்தா கடன் வாங்கிப் பணம் அனுப்பினார். வருஷக் கடைசிக்குள் புறப்பட வேண்டும் என்று கடிதம். ஐப்பசி மழையில் ஆயா நாகப்பட்டினத்தில் ரஜூலா ஏறினார். அங்கே கப்பல் கரைக்கு வராது. கடலில் தள்ளி நிற்கும், படகில் போய்த்தான் ஏற வேண்டும். நாலு வயது அப்பா அவர் இடுப்பில். ஒன்பது வயதுப் பெரியப்பா கரையில் அவருடைய தாத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அவர ஏன் விட்டுட்டு வந்தாங்க?"

"பரீட்சை. நாலாங் கிளாஸ். வருஷத்த முடிச்சிட்டு சித்திரையில யாராச்சும் தெரிஞ்சவங்களோட அனுப்பி வைக்கிறேன்னு எங்க தாத்தா சொன்னாரு. கப்பல் காசும் ஒரு ஆளுக்குக் குறைஞ்சுதுன்னு அம்மா பின்னால சொல்லுவாங்க. எது நெசமோ."

சித்திரையில் மனுப் போட்டார்கள். பையனுக்கு வயது தாண்டிவிட்டது என்று அது திரும்பி வந்தது. மறு வருடமும் போட்டார்கள். அதற்குப் பிறகு போடவில்லை.

ஆயா கடைசிவரை சிவப்பு அடையாள அட்டைக்காரர். 1969-ஐ ஒட்டிக் குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வேண்டும் என்று வந்தபோது, தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தவர்கள் பல்லாயிரம் பேர் மூட்டை கட்டினார்கள். ஆயா தப்பினார், எப்படி என்று அப்பாவுக்கு நினைவில்லை. ஆனால் நாட்டைவிட்டு வெளியே போனால் திரும்பி நுழைய அவருக்குத் தனியாக அனுமதி வேண்டும், அதற்கும் ஒரு தேதி உண்டு. 1970-களின் நடுவில் பெரியப்பா கல்யாணத்துக்கு அந்த அனுமதியோடு சிதம்பரம் கப்பலில் போனார். மருமகள் முழுகாமல் இருக்கிறாள், குழந்தையைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று ஊரில் எல்லாரும் பிடித்து வைத்தார்கள். இடுப்பு முடிச்சில் இருந்த காகிதத்தை எடுத்து எழுத்துத் தெரிந்தவர்களிடம் கொடுத்துத் தேதியைப் படிக்கச் சொல்வாராம். பேரன் பிறப்பதற்கு முன்பே கிளம்பிவிட்டார்.

பெரியப்பா இந்த நாட்டுக்கு ஒரே ஒரு முறை வந்தார், ஆயா இறந்து பல வருடம் கழித்து, முப்பது நாள் சுற்றுலா அனுமதியில். அம்மா இருந்த லயத்தைக் காட்டு என்று கேட்டார். அப்பா வால்டோருக்குக் கூட்டிப் போனார். லயம் இருந்த இடத்தில் செம்பனை நின்றது. பெரியப்பா ஒரு மரத்தடியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, "சரி, போவோம் தம்பி" என்றாராம். எனக்கு அந்த நாள் நினைவிருக்கிறது. நான்தான் கார் ஓட்டினேன். இரண்டு கிழவர்கள் ஏன் ஒன்றும் பேசாமல் வருகிறார்கள் என்று அன்று எனக்குப் புரியவில்லை.

வீட்டுக்குத் திரும்பியதும் அப்பா அக்காவைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். "கல்யாணத்த யாரும் தள்ளிப் போடச் சொல்லல. பிள்ளை போய் ஒரு நாள் அந்த மண்ண மிதிச்சிட்டு வரட்டும். சம்பந்தி அம்மாகிட்ட நானே பேசுறேன்." பேசினார். அந்தம்மாவும் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். பத்து நிமிடம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "தனியா அனுப்பாதீங்க, அம்மா கூடப் போகட்டும், பொங்கலுக்குள்ள வந்திரணும்" என்றாராம்.

ஒரு நாள் மிதித்துவிட்டு வந்தால் போதுமா என்று நிறையப் பேர் என்னிடம் கேட்டுவிட்டார்கள். ஆஸ்திரேலியாவில் முதல் நுழைவைப் பொறுத்தவரை போதும், எத்தனை நாள் தங்கினாய் என்ற கேள்வி அந்தக் கட்டத்தில் இல்லை. தங்கிய நாள்கள் பின்னால் வேண்டியிருக்கும். போகவர உள்ள அனுமதி பொதுவாக ஐந்து ஆண்டு. அது முடிந்த பிறகு வெளியே போனால் திரும்பி வர இன்னொரு விசா வாங்க வேண்டும், கடைசி ஐந்து ஆண்டில் இரண்டு ஆண்டு அங்கே இருந்திருந்தால் அது சுலபம். குடியுரிமைக்கு நான்கு ஆண்டு சட்டப்படி வாழ்ந்திருக்க வேண்டும், அதில் வெளியே இருந்தது மொத்தம் பன்னிரண்டு மாதத்தைத் தாண்டக்கூடாது. கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் ஊருக்கு ஓடிவருகிற நம் பழக்கத்துக்கு அது கொஞ்சம் கெடுபிடிதான்.

கனடாவும் இப்படித்தான். நிரந்தரவாசத்தை உறுதிசெய்யும் கடிதத்தின் காலாவதி பெரும்பாலும் மருத்துவப் பரிசோதனையை ஒட்டியே இருக்கும், அதன் பிறகு ஐந்து ஆண்டில் 730 நாள் அங்கே இருந்தாக வேண்டும். அமெரிக்கக் குடியேற்ற விசா இன்னும் குறுகல், அதிகபட்சம் ஆறு மாதம். பச்சை அட்டை கிடைத்த பிறகும் மறுநுழைவு அனுமதி வாங்காமல் ஓராண்டுக்கு மேல் வெளியே இருந்தால் சிக்கல். சிங்கப்பூர் நிரந்தரவாசிகள் மறுநுழைவு அனுமதி இல்லாமல் வெளியே போனால் தகுதியே ஆட்டம் காணும், ஜொகூரில் குடும்பத்தை வைத்திருப்பவர்களுக்கு இது மனப்பாடம். விதிகள் மாறும். அவரவர் கடிதத்தில் அச்சிட்டிருக்கும் தேதிதான் கணக்கு, வாட்ஸ்அப் குழுவில் இன்னொருவர் சொல்லும் தேதி இல்லை.

நம் நாட்டுக்கு வருகிறவர்களுக்கும் நாள் கணக்கு உண்டு. அக்கா வீட்டுக்கு எதிர்வரிசையில் திருச்சியிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த ஒரு பெண் இருக்கிறாள். மலேசியரின் மனைவி நீண்டகால சமூக வருகை அனுமதியில் தொடர்ந்து ஐந்து ஆண்டு இங்கே இருந்த பிறகே நிரந்தரவாசத்துக்கு மனுப் போட முடியும். குடியுரிமைக்குப் பதிந்துகொள்ள, மனுவுக்கு முந்தைய இரண்டு ஆண்டும் இங்கே வசித்திருக்க வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 15-ஆவது பிரிவு. ஆறு மாதத்துக்குக் குறைவாக வெளியே போவது வசிப்பின் தொடர்ச்சியைக் கெடுக்காவிட்டால், அந்த நாள்களையும் வசிப்பாகவே எடுத்துக்கொள்ள அதே அரசியலமைப்பின் இரண்டாவது அட்டவணை இடம் தருகிறது. அந்தப் பெண்ணுக்கு அது தெரியாது. தாய்க்கு முடியவில்லை என்று செய்தி வந்தும் மூன்றே வாரத்தில் திரும்பிவிட்டாள். இப்போது பினாங்கிலிருந்து சென்னைக்கு நேரடி விமானம் இருக்கிறது, ஏறக்குறைய நாலு மணி நேரம். ஆயாவுக்கு ஆறேழு நாள் கடல். தூரம் சுருங்கியிருக்கிறதே தவிர, காகிதத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிற கை மாறவில்லை.

டிசம்பர் கடைசி வாரம் தாயும் மகளும் பெர்த்துக்குப் போனார்கள். கோலாலம்பூரிலிருந்து ஐந்தரை மணி நேரம். அக்காவின் வருகை அனுமதி கைப்பேசிச் செயலியிலேயே கிடைத்துவிட்டது. "நீ ரெண்டு வருஷம் மாஞ்சு மாஞ்சு வாங்குனத நான் ரெண்டு நாள்ல வாங்கிட்டேன்" என்று மகளைச் சீண்டிக்கொண்டே விமானம் ஏறினாள். எலுமிச்சை ஊறுகாய் எடுத்துப் போயிருந்தாள். அறிவிப்புச் சீட்டில் அதை எழுதாவிட்டால் அபராதம் என்று நான் பலமுறை சொல்லியிருந்தேன், எழுதினாள், விட்டுவிட்டார்கள். ஐந்து நாள் இருந்தார்கள். வாடகை வீடு எவ்வளவு, கோயில் எங்கே, கறிவேப்பிலை கிடைக்குமா என்று அக்கா விசாரித்துக்கொண்டு வந்தாள். கறிவேப்பிலை விலையைக் கேட்டுவிட்டு அவளுக்கு ஆஸ்திரேலியாவின் மேல் இருந்த மரியாதை கொஞ்சம் குறைந்துவிட்டது.

பொங்கலுக்கு நான் போனபோது வாசலில் பந்தக்கால் நட்டிருந்தார்கள். அப்பா பேத்தியின் கடப்பிதழை வாங்கிப் பக்கம் பக்கமாகப் புரட்டினார்.

"முத்திரை எங்கம்மா?"

"அங்க குத்த மாட்டாங்க தாத்தா. எல்லாம் கம்ப்யூட்டர்ல இருக்கு."

அவருக்குத் திருப்தி இல்லை. விமானத்தில் ஏறிய சீட்டைக் கேட்டு வாங்கி, அலமாரியிலிருந்து பழைய பிஸ்கட் டின்னை எடுத்தார். அதற்குள் ஆயாவின் சிவப்பு அட்டை. ஓரம் பிரிந்து, படம் மங்கியிருந்தது. சீட்டை அதனோடு வைத்து மூடினார். மூடியவர் நிமிர்ந்து பார்த்தார்.

"அஞ்சு வருஷம்னாங்களே, அது நீ போய் எறங்குன நாள்லேருந்தா?"

"இல்ல தாத்தா. அனுமதி குடுத்த நாள்லேருந்து. ஜூலை."

அப்பா எழுந்து போய், சுவரில் புதிதாக மாட்டியிருந்த நாள்காட்டியின் பின்பக்கத்தில் பேனாவால் மாதத்தையும் வருடத்தையும் எழுதினார். எழுதிவிட்டு, "கடைசித் தேதிக்கு ரெண்டு மாசம் முன்னாலயே எனக்கு ஞாபகப்படுத்து" என்று என்னிடம் சொன்னார்.